கைத்தடை பிடிக்காத கதை

இலக்கியம் பேசும் இடத்தில் பிரேக்கைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர்கள் வினவக்கூடும். வினவுதல் நியாயமே. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கரும்பலகை முன் நின்று இலக்கணம் நடத்திய கைக்கு ஸ்பேனர் பிடிக்கும் தகுதி உண்டா என்பது ஐயத்திற்குரியது. அந்த ஐயம் நமக்கு உரிய நேரத்தில் எழாமற் போனதால் விளைந்ததே இக்கட்டுரை.

நம்மிடம் ஒரு மகிழுந்து உண்டு. வேறொருவர் பல ஆண்டுகள் ஓட்டி விற்றதை வாங்கியது. மகிழுந்து என்று வகுப்பறையில் சொல்வோம். வீட்டில் அது வெறும் வண்டிதான். அவ்வாறே ஹேண்ட் பிரேக்கைக் கைத்தடை என்று எழுதிவிடலாம். ஒருமுறை பட்டறையில் அச்சொல்லை வாய்தவறிச் சொல்லிவிட்டோம். "கைத்தடியா சார்? அம்மாவுக்கா?" என்று அங்கிருந்த இளைஞர் அக்கறையோடு கேட்டார். அன்று முதல் பட்டறையில் பட்டறையின் மொழியே பேசுவது என்று முடிவு செய்தோம். இங்கும் அவ்வாறே எழுதுகிறோம்.

நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கும் இருக்கும். நம் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க். வாங்கும்போது இது பெருமையாக இருந்தது. அப்பெருமைக்கு ஒரு விலை உண்டு என்பது பின்னரே தெரிந்தது. பின் சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பருக்குள் ஒரே பிஸ்டன் இரண்டு எசமானர்களுக்கு ஊழியம் செய்கிறது. காலால் பிரேக்கை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் அந்தப் பிஸ்டனைத் தள்ளும். கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் ஆயிலுக்கு அங்கு வேலையே இல்லை. இரும்புக் கேபிள் ஒன்று கேலிப்பரின் வெளியே உள்ள சிறு லிவரை இழுக்கும். லிவர் உள்ளே இருக்கும் திருகுத் தண்டை முன்னே தள்ளும். தண்டு பிஸ்டனைத் தள்ளும். ஆயில் முழுதும் ஒழுகிப் போனாலும் வண்டியை நிறுத்தி வைக்க வேறொரு வழி இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தத் தனி ஏற்பாடு.

சென்ற கோடையில் அந்த லிவர் இடப்புறம் துருப்பிடித்து இறுகிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பின்னும் சக்கரம் சற்றே பிடித்தபடி ஓடியது. இருபது கிலோமீட்டர் போய் இறங்கினால் இடது பின் சக்கரத்திலிருந்து மட்டும் சூடும் கருகிய வாடையும் வரும். பட்டறைக்காரர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்து, நீர் புகுந்து, பிஸ்டனின் விளிம்பு அரித்திருந்தது. "ரெண்டு பக்கமும் எறக்கிச் சுத்தம் பண்ணி, கிட்டு மாத்திடலாம் சார். புதுசு வாங்குற காசு வேண்டாம்" என்றார்.

அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. நாம் அவரை அண்ணே என்று அழைப்போம். அவர் நம்மை சார் என்பார். இரண்டு நாள் வேலை. கேலிப்பர்களைப் பிரித்து, துருவை எடுத்து, பழைய சீல்களைக் களைந்து, பிஸ்டன், லிவர்த் தண்டு இரண்டுக்கும் புதிய ரப்பர் போட்டு, புதிய பேடும் பொருத்தினார்கள். இத்தகைய பிஸ்டனை அழுத்தி உள்ளே தள்ளக் கூடாதாம். திருகித் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். வலுவில் அழுத்தினால் உள்ளிருக்கும் திருகு கெட்டுவிடும். அதற்கென்று பழைய இரும்புத் துண்டொன்றில் இரண்டு முனைகளைப் பற்றவைத்து அவரே ஒரு சாவி செய்து வைத்திருந்தார். பட்டறையில் உதவிக்கு நின்ற அந்த இளைஞர்தான் அதைப் பிடித்துத் திருகினார்.

வியாழக்கிழமை மாலை வண்டி கைக்கு வந்தது. நாம் பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மனம் விடைத்தாள்களில் இருந்தது. மறுநாள் மதிப்பெண் பட்டியல் ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள். அப்போது அண்ணன் சொன்னது இன்று ஒவ்வொரு சொல்லாக நினைவில் இருக்கிறது. அன்று காதின் வாசலோடு நின்றுவிட்டது. "சார், ஹேண்ட் பிரேக் இப்ப லூசாத்தான் இருக்கும். கேபிள வேணும்னே தளர்த்தி விட்ருக்கோம். ஒரு அம்பது கிலோமீட்டர் ஊருக்குள்ள ஓட்டுங்க, நல்லா மிதிச்சு மிதிச்சு ஓட்டுங்க. திங்கக்கெழம வாங்க, செட் பண்ணிடலாம். அதுவரைக்கும் மேட்டுல நிறுத்தாதீங்க. கியர்ல போட்டு, கல்லு வெச்சிருங்க."

சரி, சரி என்று தலையசைத்தோம். மாணவர்கள் நம் முன் தலையசைக்கும் அதே வகைத் தலையசைப்பு.

வெள்ளி இரவு வீட்டு வாசலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தோம். கைப்பிடி தளர்ந்து மேலே வந்தது. எட்டு, ஒன்பது சொடுக்கு. கையால் தள்ளினால் வண்டி நகர்ந்தது. இவ்வளவு பணம் கொடுத்தும் இதுதானா என்று ஓர் எரிச்சல். இரு இருக்கைகளுக்கும் நடுவில் உள்ள மூடியைக் கழற்றினால் கேபிளை இறுக்கும் நட்டு இருக்கும் என்பது நமக்கு முன்பே தெரியும். தெரிந்த அந்த ஒரு விஷயம்தான் வினையாயிற்று. பத்தாம் எண் ஸ்பேனரை எடுத்து நான்கு சுற்று இறுக்கினோம். கைப்பிடி ஐந்து சொடுக்கில் கடினப்பட்டது. வண்டியும் சமதரையில் நகரவில்லை. ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு நிறைவோடு உறங்கினோம்.

சனிக்கிழமை அன்னையாரை ஏற்காட்டிற்கு அழைத்துச் சென்றோம். சேலத்திலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்; இருபது கொண்டை ஊசி வளைவுகள். சின்னம்மா அங்கே ஒரு சரிவான சந்தில் குடியிருக்கிறார். சந்தில் ஏறி, வண்டியை மேல்நோக்கி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுவதுமாக இழுத்து, நியூட்ரலிலேயே விட்டு இறங்கினோம். கியரில் போடவில்லை. கல்லும் வைக்கவில்லை. முந்தைய இரவு நாமே சரிசெய்துவிட்டோமே!

நமக்குப் பின்னிருக்கையில் இருந்த அன்னையார் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தார். அப்போது வண்டி மெல்லப் பின்னே நழுவியது. சத்தமே இல்லை. எஞ்சின் அணைந்திருந்தது. திறந்த கதவு அவர் முதுகை நோக்கி வந்தது. எப்படி உள்ளே பாய்ந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. கால் பிரேக்கில் விழுந்தது. வண்டி அந்த இடத்திலேயே நின்றது. நான்கைந்து அடிதான் நழுவியிருக்கும். அன்னையார் இருக்கையில் சாய்ந்து கிடந்தார். முழங்காலில் சிராய்ப்பு. அவருடைய ஒரு செருப்பு மட்டும் சந்தின் மேலே, வண்டி முதலில் நின்ற இடத்தில் கிடந்தது.

"ஒண்ணுமில்ல சாமி. அந்தச் செருப்ப எடுத்துக் குடு" என்றார்.

டீக்கடையிலிருந்து ஒருவர் ஓடிவந்து பின் சக்கரத்திற்குக் கீழே பெரிய கல்லொன்றை வைத்தார். அதற்குப் பிறகுதான் நம் கால் பிரேக்கை விட்டது. அக்கணத்தில் ஒன்றை நாம் கவனித்திருக்க வேண்டும். காலால் மிதித்தபோது வண்டியைப் பற்றி நிறுத்தியவற்றுள், குறை சொல்லவிருந்த அதே கேலிப்பர்களும் இருந்தன. ஆயில் வழி வந்த கட்டளைக்கு அவை உடனே பணிந்தன. கேபிள் வழி வந்த கட்டளை மட்டும் போய்ச் சேரவில்லை. ஐயம் எங்கே செல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் கை நடுங்கும்போது சான்றுகளை யார் ஆராய்கிறார்கள்? தொலைபேசியை எடுத்தோம்.

கற்றவர் பேசும் கடுஞ்சொல்லுக்குத் தனிக் கூர்மை உண்டு. வசைச்சொல் ஒன்றும் பயன்படுத்தவில்லை. பொறுப்பு என்ற சொல்லை மூன்று முறை சொன்னோம். ஓர் உயிர் போயிருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டோம். அண்ணன் குறுக்கிடவில்லை. முடித்த பின், "அம்மாவுக்கு அடி ஒண்ணும் இல்லீங்களே?" என்றார். பிறகு, "எறங்கும்போது ரெண்டாவது கியர்லயே வாங்க சார். பிரேக்க மிதிச்சுட்டே வராதீங்க, சூடாயிரும். திங்கக்கெழம பாக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை பட்டறையில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தகைய வண்டி வைத்திருப்போர்க்கு அது பயன்படும்.

முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் தாங்கிகளை நிறுத்தினார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் தலை கொடுக்கக் கூடாது. முதற்சோதனை: ஒருவர் கால் பிரேக்கை மிதிக்க, மற்றவர் பின் சக்கரங்களைச் சுழற்றினார். இரண்டும் அசையவில்லை. அப்படியானால் ஆயிலும் பிஸ்டனும் சீலும் குறையற்றவை. இரண்டாவது: ஹேண்ட் பிரேக்கை இழுத்துச் சுழற்றினார். இரண்டு சக்கரங்களும் சற்றே உரசியபடி சுழன்றன. ஒரு சக்கரம் மட்டும் சுழன்றிருந்தால் அந்தப் பக்கத்துக் கேலிப்பரையோ கேபிளையோ ஐயுறலாம். இரண்டும் ஒரேபோல் தவறினால் காரணம் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முதன்மையான சோதனை. ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இறக்கிவிட்டு, கேலிப்பரின் லிவர் எங்கே நிற்கிறது என்று விளக்கடித்துப் பார்த்தார். லிவர் திரும்பி வந்து முட்டி நிற்பதற்கென்று கேலிப்பரில் ஒரு சிறு முனை உண்டு. இரண்டு பக்கமும் லிவருக்கும் அம்முனைக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. கேபிளின் முனையை லிவரிலிருந்து கழற்றினார். லிவர் தானே 'டக்' என்று திரும்பி முனையில் முட்டியது. துருப்பிடித்து இறுகிய லிவர் அவ்வாறு திரும்பாது. அதுவே சேலைத்திற்குத் திரும்பிப் போகாத நோயாளி போல் கிடக்கும். இங்கே வேலை சுத்தமாக நடந்திருந்தது. உறையினுள் கேபிளும் தடையின்றி ஓடியது. கேபிளை எவரோ இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதே எஞ்சிய முடிவு.

அண்ணன் வண்டிக்குள் ஏறி மூடியைத் திறந்தார். நட்டைத் தாண்டி வெளியே நீண்டிருந்த மரையை நகத்தால் தடவினார். பிறகு வெளியே பார்த்து இளைஞரை அழைத்தார்.

"டேய், கேபிள லூசா விடச் சொன்னேனா இல்லையா?"

"லூசாத்தாண்ணே விட்டேன்."

"அப்ப இது என்னடா? நாலு மரை வெளிய நிக்குது! அந்தம்மா கீழ வுழுந்திருந்தா?"

"சத்தியமா லூசாத்தாண்ணே விட்டேன்."

நாம் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தோம். உண்மையைச் சொல்ல எத்தனை நொடி வேண்டும்? நான்கு சொற்கள் போதும். அவை வரவில்லை. அந்த இளைஞருக்கு நம் மாணவர்களின் வயது. முதலில் அண்ணனைப் பார்த்தார். பிறகு தம் கையைப் பார்த்தார். தாம் செய்ததைத் தாமே ஐயுறத் தொடங்கிய முகம் அது. தேர்வறையில் அம்முகத்தைப் பலமுறை கண்டிருக்கிறோம். சரியாக எழுதிய விடையை, மேற்பார்வையாளர் அருகில் வந்து நின்ற காரணத்தாலேயே அடித்துவிடும் மாணவனின் முகம். "போ, அந்த டயரக் கழட்டு" என்று அண்ணன் அவரை அனுப்பிவிட்டார். இளைஞர் போனார். நாம் அப்போதும் நின்றுகொண்டிருந்தோம்.

சனிக்கிழமை தொலைபேசியில் பொறுப்பு என்று மூன்று முறை சொன்ன வாய் இதுதான்.

"அண்ணே, நான்தாங்க திருப்பினேன். வெள்ளிக்கிழமை ராத்திரி" என்றோம். தொண்டை வறண்டிருந்தது.

அண்ணன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. கைத்துணியில் விரல்களைத் துடைத்தார். "நெனச்சேன் சார்" என்றார் கடைசியில். "பையன் அப்பிடிச் செய்ய மாட்டான்." நினைத்தும் ஏன் அவரைக் கடிந்தார் என்று நாம் கேட்கவில்லை. நாமாகச் சொல்வதற்கு ஓர் இடம் விட்டிருந்தாரோ என்று இப்போது தோன்றுகிறது. அது நம் ஊகமாகவும் இருக்கலாம்.

பிறகு தீமை எப்படி விளைந்தது என்று விளக்கினார். பேட் தேயத் தேய, பிஸ்டன் கடக்க வேண்டிய தூரம் கூடும். அதை ஈடுசெய்யும் ஏற்பாடு கேலிப்பருக்குள்ளேயே இருக்கிறது. காலால் மிதிக்கும்போதெல்லாம் பிஸ்டன் முன்னே நகர, உள்ளிருக்கும் திருகு தானே சுழன்று அதன் பின்னே வந்து நிற்கும். ஆனால் லிவர் தன் ஓய்விடத்தில் முட்டி நின்றால்தான் அது ஒழுங்காக நடக்கும். கேபிள் சதா இழுத்தபடி இருந்தால் திருகு தன் வேலையைச் செய்யாது. நம் வண்டியில் அப்போதுதான் பிஸ்டன்களை முழுவதும் உள்ளே திருகி அனுப்பியிருந்தார்கள். இடைவெளி மிகுதியாக இருந்த நேரம். மிதித்து ஓட்டியிருந்தால் அது தானே குறைந்திருக்கும். நாம் கேபிளை இறுக்கி அந்த வழியை அடைத்தோம். லிவர் நகரக்கூடிய தூரத்தில் பாதியை நம் நட்டு முன்னதாகவே தின்றுவிட்டது. கைப்பிடியில் உணர்ந்த கடினம் டிஸ்க்கைப் பற்றிய பிடி அன்று. இழுபட்ட கேபிளின் விறைப்பு மட்டுமே. சமதரைக்கு அது போதும். சரிவுக்குப் போதாது.

நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள் கூறும். அவற்றுள் நிரல்நிறையை நடத்தும்போது, வரிசை பிறழ்ந்தால் சொற்கள் அனைத்தும் இருந்தும் பொருள் பிழைக்கும் என்று ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்கிறோம். இங்கும் உறுப்புகள் யாவும் நலமாக இருந்தன. முதலில் கால், பிறகு கேபிள் என்பது வரிசை. நாம் அதைப் புரட்டிப் போட்டோம்.

அண்ணன் இளைஞரை மீண்டும் அழைத்தார். "தம்பி, சார்தான் தெரியாம டைட் வெச்சுட்டாராம். நீயே செட் பண்ணு" என்றார். தெரியாமல் என்ற அச்சொல்லை அவர் நமக்கு இனாமாகத் தந்தார்.

இளைஞர் நட்டை முழுவதும் தளர்த்தினார். லிவர்கள் இருபுறமும் முனையில் முட்டி நிற்பதைக் கையால் தொட்டு உறுதி செய்தார். "சார், எஞ்சின் ஆன் பண்ணிட்டு பிரேக்க நல்லா அழுத்தி அழுத்தி விடுங்க. நாப்பது தடவ" என்றார். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து மிதித்தோம். ஒன்று, இரண்டு என்று அவர் வெளியிலிருந்து எண்ணினார். பிழை செய்த மாணவனை நாற்பது முறை எழுதச் சொல்லும் வழக்கத்தை நாம் எப்போதோ கைவிட்டுவிட்டோம். அன்று நமக்கே அது வாய்த்தது. இருபதாவது மிதிப்பின்போது கண்ணாடியை இறக்கி, "தம்பி, அன்னிக்கே சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கப்பா" என்றோம். "பரவால்ல சார். எண்ணிக்க தப்பிரும், மிதிங்க" என்றார்.

பிறகு ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று முறை இழுத்து விட்டுக் கேபிளைப் படியவைத்தார். நட்டைச் சிறிது சிறிதாக இறுக்கி, லிவர் முனையை விட்டு அசையத் தொடங்கும் நிலையிலேயே நிறுத்தினார். கைப்பிடியை இறக்கினால் சக்கரங்கள் தடையின்றிச் சுழன்றன. இரண்டு சொடுக்கில் உரசல் கேட்டது. ஐந்தாவது சொடுக்கில் இரண்டு சக்கரமும் அசையவில்லை. இந்தக் கணக்கு வண்டிக்கு வண்டி மாறும். அவரவர் வண்டியின் கையேடு கூறுவதே அளவு. பொத்தானை அழுத்தினால் மோட்டாரே பிடித்துக்கொள்ளும் ஹேண்ட் பிரேக் உள்ள புதிய வண்டிகளுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றுக்குக் கணினிக் கருவி வேண்டும்.

பட்டறைக்கு அடுத்த தெருவில் ஒரு மேடு உண்டு. இளைஞர் அங்கே வண்டியை ஏற்றி, நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்தார். காலைப் பிரேக்கிலிருந்து மெல்ல எடுத்தார். வண்டி நின்றது. ஐந்து நிமிடம் அப்படியே விட்டுப் பார்த்தோம். பணம் நீட்டினோம். அண்ணன் வாங்கவில்லை, திங்கட்கிழமை வேலையும் சேர்த்துத்தான் முன்பே வாங்கியாயிற்று என்றார்.

சென்ற மாதம் அன்னையாருடன் மீண்டும் ஏற்காட்டிற்குச் சென்றோம். அதே சந்து. ஹேண்ட் பிரேக்கை இழுத்தோம். முதல் கியரில் போட்டோம். இறங்கி டிக்கியிலிருந்து மரக்கட்டையை எடுத்துப் பின் சக்கரத்தில் அண்டக் கொடுத்தோம். அன்னையார் கண்ணாடி வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கலாங்களா, சாமி?" என்றார்.

"எறங்குங்கம்மா" என்றோம். அப்போதும் ஒரு கை கதவைப் பிடித்தபடியே இருந்தது.